பாட்டால் பிழைத்த நாடு

1960-ம் ஆண்டு ஜூலை மாதம். பால்டிக் கடலோரத்தில் டாலின் நகரம். கடலை நோக்கி இறங்கும் ஒரு புல்வெளிச் சரிவு. சரிவின் அடிவாரத்தில், கிளிஞ்சலை நிமிர்த்தி வைத்தாற்போல் வளைந்த கூரையுடன் புத்தம் புதிய மேடை. மேடையில் ஆயிரக்கணக்கான பாடகர்கள். சரிவு முழுவதும் ஜனத்திரள். அந்த நாட்டில் சோவியத் ஆட்சி ஏற்பட்டு இருபது ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாட, அரசாங்கமே ஏற்பாடு செய்த கோஷ்டி கான விழா அது. நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருந்த பாட்டுகள் எல்லாம் முடிந்துவிட்டன. இனிக் கூட்டம் கலைய வேண்டியதுதான். ஆனால் கலையவில்லை.

நிரலில் இல்லாத பாட்டு ஒன்று எழுந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக விழா மேடையில் ஒலிக்காத பாட்டு. யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. யாரும் அனுமதி கேட்கவில்லை. மேடையில் இருந்தவர்கள் பாடினார்கள், புல்வெளியில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அத்தனை பேரையும் எந்தப் போலீஸ் கைது செய்யும்? எந்தச் சிறையில் கொண்டுபோய் அடைக்கும்?

அந்தப் பாட்டின் பெயர் ‘மு இசமா ஒன் மினு ஆர்ம்’. ‘என் தாய்நாடே என் அன்பு’ என்று பொருள். பாடிய நாடு எஸ்டோனியா.

முட்டை மலையும் கறுப்பு ரொட்டியும்

ஐரோப்பாப் படத்தை விரித்து, ருஷ்யாவுக்கு மேற்கே, பின்லாந்துக்குத் தெற்கே விரலை வைத்தால் எஸ்டோனியா அகப்படும். டாலினில் கப்பல் ஏறினால் ஐம்பது மைல் கடலைக் கடந்து இரண்டு மணி நேரத்தில் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் இறங்கிவிடலாம். பரப்பில் நம் கேரளத்தைவிடச் சற்றுப் பெரியது. ஜனத்தொகையோ மொத்தம் பதினான்கு லட்சத்துக்கும் குறைவு. அதிலும் எஸ்டோனிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பத்து லட்சத்தை ஒட்டித்தான் இருப்பார்கள்.

நாட்டில் பாதி காடு. மிச்சத்தில் நிறையச் சதுப்பு நிலம். கரையோரமாக இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள். அவற்றில் பெரியவை ஸாரமா, ஹியுமா என்ற இரண்டு. மலை என்று சொல்லிக்கொள்ளத் தெற்கே ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ‘பெரிய முட்டை மலை’. உயரம் 318 மீட்டர். பால்டிக் நாடுகள் மூன்றிலும் அதைவிட உயர்ந்த இடம் கிடையாது. அதனால் ‘பெரிய’ என்ற அடைமொழிக்கு அது உரிமை கொண்டாடலாம்!

ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் காய்கிறான். அஸ்தமித்த பிறகும் வானம் முழுக்க இருட்டுவதில்லை. டிசம்பரில் நேர் மாறாக, ஆறு மணி நேரப் பகலே அதிகம். அந்த இருட்டில் சாலையில் நடப்பவர்கள் வெளிச்சம் பட்டால் மினுமினுக்கும் சிறு வில்லை ஒன்றைக் கோட்டில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். குழந்தை முதல் கிழவர் வரை எல்லோர் கோட்டு ஓரத்திலும் அது ஆடிக்கொண்டிருக்கும். குளிர் கடுமையாக இருக்கும் வருஷத்தில் கடல் உறைந்துவிட்டால், தீவுகளுக்குப் பனிக்கட்டி மேலேயே பாதை போட்டு மோட்டார் கார் ஓட்டுவார்கள்.

சாப்பாட்டில் முதலிடம் கறுப்பு ரொட்டிக்கு. ரை என்ற தானியத்தை அரைத்து, மாவைப் புளிக்க வைத்துச் சுடுவது. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கனம். அதன்மேல் சிறு கடல் மீனை உப்பில் ஊற வைத்து அடுக்கித் தின்பார்கள். சாப்பிட உட்கார்ந்தவரிடம் ‘ஜாட்கு லெய்பா’ என்பது பழைய மரியாதை. ‘ரொட்டி குறையாதிருக்கட்டும்’ என்று அர்த்தம். ரொட்டித் துண்டு கை தவறிக் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட வேண்டும் என்பது பாட்டிமார் கற்பித்த வழக்கம். பஞ்சத்தைக் கண்ட ஜனங்களுக்குத்தான் இப்படிப்பட்ட பழக்கங்கள் வரும்.

தென் மூலையில் வோரோ என்ற பிரதேசத்தில் புகைக் குளியல் அறை உண்டு. புகைபோக்கி இல்லாத மரக் குடில். உள்ளே கற்களை மணிக்கணக்கில் விறகுத் தீயில் காய வைத்து, புகையை வெளியேற்றிவிட்டு, வீட்டார் உள்ளே போய் வேர்க்க உட்காருவார்கள். அந்தக் காலத்தில் பிரசவம் நடந்ததும் அங்கேதான். இறந்தவரைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். 2014-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்தப் பழக்கத்தைத் தொட்டறிய முடியாத கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பெயரில்லாத ஜனங்கள்

இந்தச் சின்ன தேசத்தை ஆளாதவர் இல்லை என்று சொல்லலாம். 1219-ல் டென்மார்க் மன்னர் படையெடுத்து வந்தார். 1346-ல் டேனியர் தங்கள் பகுதியை ஜெர்மன் மதவீரர் சங்கத்துக்கு விலைக்கு விற்றுவிட்டார்கள். பிறகு ஸ்வீடன். அதன்பின் 1710-ல் ருஷ்யாவின் பீட்டர் சக்கரவர்த்தி. கொடி மாறிற்றே தவிர, கிராமத்தில் அதிகாரம் செய்தவர்கள் மாறவில்லை. ஜெர்மன் பிரபுக்களே தலைமுறை தலைமுறையாக நிலச்சுவான்தார்கள். எஸ்டோனியர் அவர்களுடைய பண்ணையடிமைகள். அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது வட பகுதியில் 1816-ல். தென் பகுதியில் 1819-ல்.

குடும்பப் பெயரே அதற்குப் பிறகுதான் அவர்களுக்குக் கிடைத்தது. அதுவரை இன்ன பண்ணையின் ஹான்ஸ், இன்ன பண்ணையின் யூரி என்பதுதான் விலாசம். பெயர் வைக்கும் படலம் வந்தபோது சுற்றிலும் கண்ணில் பட்டதையெல்லாம் பெயராக்கினார்கள். தம் என்றால் ஓக் மரம். கஸ்க் என்றால் பிர்ச் மரம். மாகி என்றால் குன்று. செப் என்றால் கொல்லன். இன்றைக்கும் எஸ்டோனிய மொழிக் குடும்பப் பெயர்களில் மிக அதிகமானவர்களுக்குள்ளது தம்.

மொழியோ அக்கம்பக்கத்தாருடன் ஒட்டாதது. ருஷ்யம், ஜெர்மன், லாட்வியம் எல்லாம் ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. எஸ்டோனியம் பின்லாந்து மொழிக்குத் தங்கை. தூரத்து ஹங்கேரி மொழிக்கு ஒன்றுவிட்ட உறவு. வேற்றுமை உருபுகள் பதினான்கு. அவன், அவள் என்ற பேதம் கிடையாது. இருவருக்கும் ‘தா’ ஒன்றே. எதிர்காலத்துக்குத் தனி வினை வடிவமும் இல்லை. எதிர்காலம் நிச்சயமில்லாத ஜனங்கள் அதற்கு ஒரு வடிவம் செய்து வைக்கவில்லை போலும்!

படித்த எஸ்டோனியன் ஜெர்மன் பேச வேண்டும் என்பதே அந்நாளைய நியதி. எஸ்டோனியம் பண்ணையாட்களின் பேச்சு. இந்த எண்ணத்தை உடைத்தவர்களில் ஒருவர் யோகன் வோல்டெமார் யான்சன் என்ற பள்ளி ஆசிரியர். 1857-ல் பார்னு என்ற துறைமுக நகரத்தில் எஸ்டோனிய மொழி வாரப் பத்திரிகை ஒன்றை ஆரம்பித்தார். அதுவரை தங்களை ‘நாட்டுப்புறத்து ஜனங்கள்’ என்றே சொல்லிவந்தவர்களை அவர் ‘எஸ்டோனிய மக்களே’ என்று அழைத்தார். ஒரு ஜன சமூகத்துக்கு ஒரு பத்திரிகை பெயர் கொடுத்தது என்று சொன்னால் அதிகமாகாது.

பத்திரிகை வேலையில் அவருக்கு வலக்கையாக இருந்தவர் மகள் லிடியா. பெண்கள் பெயர் போட்டு எழுதும் காலம் அல்ல அது. ஆகவே ‘கொய்துலா’ என்ற புனைபெயரில் கவிதைகள் எழுதினார்; விடியலுக்குரியவள் என்று பொருள். தன் மொழியில் தன் நாட்டைப் பாடலாம் என்று காட்டியது அந்தப் பெண்ணின் பேனா.

1869-ல் தகப்பனாரும் மகளும் டார்ட்டு நகரில் முதல் பாட்டு விழாவை நடத்தினார்கள். தென் பகுதியில் அடிமைத்தனம் ஒழிந்த ஐம்பதாவது ஆண்டுக்கு நன்றி தெரிவிப்பது என்று காரணம் காட்டித்தான் அனுமதி பெற முடிந்தது. ஆயிரத்துக்கும் குறைவான பாடகர்கள். அத்தனை பேரும் ஆண்கள். விழாவுக்கு உயிர் கொடுத்த கொய்துலாவுக்கே அந்த மேடையில் இடமில்லை! ஆனால் அன்று பாடிய எஸ்டோனியப் பாட்டுகள் இரண்டுக்கும் சொற்கள் அவருடையவை. ‘என் தாய்நாடே என் அன்பு’ அவற்றில் ஒன்று.

பிறகு அவர் ஒரு ராணுவ டாக்டரை மணந்து, ருஷ்யாவில் கிரான்ஷ்டாட் என்ற கடற்படைத் தளத்துக்குக் குடிபோனார். 1886-ல் நாற்பத்திரண்டு வயதில் அங்கேயே காலமானார். அறுபது வருஷம் கழித்து, 1946-ல்தான் அவருடைய அஸ்தி டாலினுக்கு வந்து சேர்ந்தது.

கூப்பிட்டார், எழுதினார்கள்

இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. யாகோப் ஹுர்ட் ஒரு பாதிரியார். 1888-ல் அவர் பத்திரிகை மூலமாக ஒரு வேண்டுகோள் விடுத்தார். ‘உங்கள் ஊர்க் கிழவிகளுக்குத் தெரிந்த பாட்டு, கதை, விடுகதை, பழமொழி எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள்’ என்பது அதன் சாரம். சுமார் 1,400 பேர் எழுதினார்கள். பள்ளி ஆசிரியர், குடியானவர், கைத்தொழிலாளர் எனப் பலதரப்பட்டவர்கள். சேர்ந்தது ஒரு லட்சம் பக்கங்களுக்கு மேல். இன்றும் அது டார்ட்டுவில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காலத்து எஸ்டோனியரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் படிக்கத் தெரிந்தவர்கள். இல்லாவிட்டால் பாதிரியாரின் வேண்டுகோளைப் படித்திருப்பது யார்?

இருபத்திரண்டு வருஷ சுதந்திரம்

1918 பிப்ரவரி 24-ந் தேதி எஸ்டோனியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. மறுநாளே ஜெர்மன் படை டாலினுக்குள் நுழைந்தது. ஜெர்மனி தோற்று ஓடியதும் செஞ்சேனை வந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள்கூடத் துப்பாக்கி எடுத்து நின்ற யுத்தம் அது. 1920 பிப்ரவரி 2-ந் தேதி டார்ட்டுவில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கையில் சோவியத் ருஷ்யா, எஸ்டோனியாவின் மீது தனக்கு இருந்த உரிமைகளை என்றென்றைக்கும் துறப்பதாக எழுதிக் கொடுத்தது.

‘என்றென்றைக்கும்’ என்பது இருபது வருஷம் நீடித்தது. அந்த அவகாசத்தில் பிரபுக்களின் பெரும் பண்ணைகளைப் பிரித்துக் குடியானவர்களுக்குக் கொடுத்தார்கள். 1632-ல் ஸ்வீடன் மன்னர் தோற்றுவித்த டார்ட்டு சர்வகலாசாலையில் முதல் முறையாக எஸ்டோனிய மொழியில் பாடம் நடந்தது. 1939 ஆகஸ்டு 23-ந் தேதி ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் ருஷ்யாவும் ரகசியமாக நாடுகளைப் பங்கிட்டுக்கொண்டபோது எஸ்டோனியா ஸ்டாலின் பங்குக்குப் போயிற்று. 1940-ல் செஞ்சேனை உள்ளே வந்தது.

1941 ஜூன் 14-ந் தேதி ஒரே இரவில் பத்தாயிரம் பேரளவில் பிடித்து, கால்நடை ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து ருஷ்யாவின் உட்புறத்துக்கு அனுப்பினார்கள். அடுத்து மூன்று வருஷம் ஜெர்மன் ஆக்கிரமிப்பு. நாட்டிலே எஞ்சியிருந்த யூதர்கள் அப்போது கொன்று தீர்க்கப்பட்டார்கள். 1944-ல் சோவியத் படை திரும்பி வந்தபோது, எழுபதினாயிரம் பேருக்கு மேல் மீன்பிடி படகுகளிலும் கப்பல்களிலும் ஏறி மேற்கே ஓடினார்கள். பலர் கடலில் மாண்டார்கள். 1949 மார்ச் மாதம் மறுபடியும் ரயில் பெட்டிகள் வந்தன. இந்தத் தடவை இருபதினாயிரம் பேருக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், வயோதிகர்கள்.

பாட்டுக்கு மறுபிறவி

கொய்துலாவின் சொற்களுக்குக் குஸ்தாவ் எர்னசாக்ஸ் என்ற சங்கீத வித்வான் 1944-ல் புதிய மெட்டுப் போட்டார். 1947 விழாவில் அதைப் பாடினார்கள். கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள் என்பது அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. 1950-ல் அந்தப் பாட்டு விழாவிலிருந்து மறைந்தது. அந்த வருஷமே விழாவின் பிரதான நடத்துநர்களான துடூர் வெட்டிக், ரிகோ பாட்ஸ், ஆல்பிரெட் கரிந்தி மூவரும் கைதானார்கள்.

எர்னசாக்ஸ் தப்பினார். சோவியத் எஸ்டோனியாவின் அதிகாரபூர்வமான கீதத்துக்கு இசையமைத்தவரும் அவரே. இதை வைத்து அவரைச் சந்தர்ப்பவாதி என்று சொல்வது சுலபம். இரண்டு மெட்டும் ஒரே மனிதரின் கையிலிருந்து வந்தன. ஜனங்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டார்கள், மற்றதை விட்டுவிட்டார்கள்.

பழைய தேசிய கீதத்துக்கும் தடைதான். ஆனால் ஒரு வேடிக்கை. எஸ்டோனியாவின் தேசிய கீதமும் பின்லாந்தின் தேசிய கீதமும் ஒரே மெட்டு. பின்லாந்து ரேடியோ இரவு நிகழ்ச்சியை முடிக்கும்போது அதை ஒலிபரப்பும். ஐம்பது மைல் கடலைக் கடந்து அது டாலின் வீடுகளில் கேட்கும். ரேடியோப் பெட்டியின் குரலைக் குறைத்து வைத்துக்கொண்டு, தடைசெய்யப்பட்ட தங்கள் கீதத்தை அவர்கள் அந்நிய வார்த்தைகளில் கேட்டார்கள்.

1960-க்குப் பிறகு கொய்துலாவின் பாட்டைத் தடுக்க முடியவில்லை. 1988 ஜூன் மாதம் அந்தப் புல்வெளியில் இரவு இரவாகக் கூட்டம் கூடிற்று. ஒளித்து வைத்திருந்த நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடிகள் வெளியே வந்தன. ஹைன்ஸ் வால்க் என்ற ஓவியர் இதற்கு ‘பாடும் புரட்சி’ என்று பெயரிட்டுப் பத்திரிகையில் எழுதினார். செப்டம்பர் 11-ந் தேதி கூடியவர்கள் மூன்று லட்சம் பேர் என்பது கணக்கு. 1989 ஆகஸ்டு 23-ந் தேதி, அந்த ரகசியப் பங்கீட்டின் ஐம்பதாவது ஆண்டில், டாலினிலிருந்து லாட்வியாவின் ரிகா வழியாக லித்துவேனியாவின் வில்னியஸ் வரை, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஜனங்கள் கை கோத்து நின்றார்கள்.

பாட்டு மட்டும் சாம்ராஜ்யத்தைச் சாய்த்துவிட்டது என்று நினைத்தால் அது கதை. மாஸ்கோவின் பிடி அப்போது உள்ளுக்குள்ளேயே தளர்ந்திருந்தது. 1991 ஜனவரியில் வில்னியஸில் டாங்கிகள் வந்தபோது பதினான்கு பேர் இறந்தார்கள். எஸ்டோனியா ரத்தம் சிந்தாமல் தப்பியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஆகஸ்டு மாதம் மாஸ்கோவில் ராணுவக் கலகம் மூண்டு குழப்பமாக இருந்த வேளையில், 20-ந் தேதி இரவு டாலினில் சட்டசபை கூடிச் சுதந்திரத்தை மீண்டும் அறிவித்தது. மறுநாள் காலை சோவியத் துருப்புகள் டெலிவிஷன் கோபுரத்தைச் சூழ்ந்தன. கைவிரல் விட்டு எண்ணக்கூடிய காவலர்கள் உச்சியில் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் மாஸ்கோவில் கலகம் தோற்றுவிட்டது, துருப்புகள் திரும்பின.

நாட்டுக்கு ஒரு நகல்

இந்த ஐம்பது வருஷமும் எஸ்டோனியக் குடியரசின் ஓர் அலுவலகம் மூடாமலே இருந்தது. அது நியூயார்க்கில் இருந்த கான்சல் அலுவலகம். 1940-ல் நடந்த இணைப்பை அமெரிக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே தேசப்படத்தில் இல்லாத ஒரு நாட்டின் பாஸ்போர்ட் அங்கே வழங்கப்பட்டு வந்தது. எர்ன்ஸ்ட் யாக்சன் என்பவர் 1965 முதல் அதன் தலைவர். நாடு மீண்டபோது அவருக்கு வயது எண்பத்தாறு. அமெரிக்காவுக்கும் ஐக்கிய நாடுகள் சபைக்கும் எஸ்டோனியாவின் ஸ்தானிகராக அவரையே நியமித்தார்கள்.

பிற்காலத்தில் எஸ்டோனியா கம்ப்யூட்டர் விஷயத்தில் உலகத்துக்கு வழிகாட்டியானது பலரும் அறிந்த சமாசாரம். 2002-ல் அடையாள அட்டை, 2005-ல் இன்டர்நெட் மூலம் ஓட்டு. 2023 பொதுத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டுகள் அப்படியே விழுந்தன. அதிகம் பேர் அறியாதது ஒன்று உண்டு. 2017-ல் லக்ஸம்பர்க் நாட்டுடன் எஸ்டோனியா ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி நிலப் பதிவு, ஜனத்தொகைப் பதிவு போன்ற முக்கியப் பதிவேடுகளின் நகல் லக்ஸம்பர்க்கில் தூதரகத்துக்குள்ள பாதுகாப்போடு வைக்கப்பட்டிருக்கிறது. நாட்டை அந்நியர் பிடித்துக்கொண்டாலும், இன்னார் பிரஜை, இன்னாருடைய நிலம் என்று சொல்ல ஓர் ஆதாரம் வெளியே இருக்கும். ஒரு முறை காணாமற்போன நாட்டின் முன்ஜாக்கிரதை அது.

ஆற்றின் இரு கரைகள்

கிழக்கு எல்லையில் நார்வா ஆறு. இக்கரையில் ஒரு கோட்டை, அக்கரையில் ருஷ்யாவின் கோட்டை. ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. 1944 யுத்தத்தில் நார்வா நகரம் தரைமட்டமாயிற்று. பழைய குடிகளைத் திரும்பி வர சோவியத் அதிகாரிகள் விடவில்லை. ஆலைகள் கட்டி, ருஷ்யாவிலிருந்து தொழிலாளர்களைக் குடியேற்றினார்கள். நாடு முழுவதுமே அப்படி நடந்தது. 1934-ல் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேராக இருந்த எஸ்டோனியர், 1989-ல் அறுபத்தொன்று அறுபத்திரண்டு பேராகக் குறைந்தார்கள்.

சுதந்திரம் வந்ததும், குடியேறி வந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜா உரிமை தானாகக் கிடைக்கவில்லை. மொழிப் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். எஸ்டோனியாவிலேயே பிறந்து, வேறு ஊரே அறியாத பலர் எந்த நாட்டுக்கும் பிரஜையல்லாமல் நின்றார்கள். வருஷங்கள் செல்லச் செல்ல அவர்கள் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. எஸ்டோனியரின் அச்சம் நியாயமானது. ஆலை வேலைக்கு அனுப்பப்பட்டு வந்த தொழிலாளியின் பேரனிடம் அந்தப் பழைய கணக்கைத் தீர்ப்பது நியாயம்தானா என்பது வேறு கேள்வி.

நார்வாவில் இன்றும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ருஷ்ய மொழி பேசுகிறவர்கள். 2022-ல் ருஷ்யா உக்ரேனின் மீது முழு அளவில் படையெடுத்த பிறகு எஸ்டோனிய அரசாங்கம் பொறுமையிழந்தது. எல்லாப் பள்ளிகளும் எஸ்டோனிய மொழிக்கு மாற வேண்டும் என்று அவ்வாண்டே சட்டம் செய்தார்கள். 2024 செப்டம்பரில் முதல் வகுப்பும் நாலாம் வகுப்பும் மாறின. மற்றவை 2030-க்குள் படிப்படியாக மாற வேண்டும். நார்வாவில் அந்த மொழியில் கற்பிக்க ஆசிரியர் கிடைப்பது கஷ்டம். வெளியூர் ஆசிரியர்களை இழுக்க அந்தப் பிரதேசத்தில் அதிகச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஆற்றுப் பாலத்தில் 2024-ல் வாகனப் போக்குவரத்து நின்றது. அக்கரையில் உள்ள பாட்டியைப் பார்க்கப் போகிறவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாலத்தை நடந்தே கடந்தார்கள். இக்கரைப் பள்ளிக்கூடத்தில் வீட்டில் ருஷ்யம் பேசும் பிள்ளைகள் பதினான்கு வேற்றுமைகளை உருப்போட ஆரம்பித்திருந்தார்கள்.